எஸ்தர் டீச்சர் வரைந்து கொடுத்த தரை

காலை எட்டு மணி இருக்கும். போடியில் ஒரு வீட்டு மாடியறையில் தரைமட்டம் பார்த்துக்கொண்டிருந்தேன். கைப்பேசி அடித்தது. திரையில் சாமுவேல் அண்ணன் பெயர். பெயரைப் பார்த்ததுமே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அண்ணனுக்குக் காது கேட்காது. ஆண்டிபட்டிப் பக்கம் ஒரு நூற்பாலையில் பல வருடம் மேற்பார்வையாளராக இருந்து, இயந்திர இரைச்சலில் காதைப் பறிகொடுத்தவர். அவர் யாருக்கும் போன் செய்வதில்லை. அவருக்காகப் பேசுகிறவர் அவர் மனைவி எஸ்தர் டீச்சர்தான்.

"வேலு, எஸ்தர் போயிட்டாப்பா" என்றார்.

"எப்ப அண்ணே?" என்றேன்.

"ஹலோ, கேக்குதா? எஸ்தர் போயிட்டா."

"கேக்குது அண்ணே. இந்தா கிளம்பிட்டேன்."

"ஹலோ, வேலு, கேக்குதா?"

நான் கத்தினேன். வேலை செய்துகொண்டிருந்தவர்கள் கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். மறுபடியும் அதே கேள்வி. நான்காவது முறைக்குப் பிறகு, பக்கத்தில் யாரிடமோ "அவனுக்குக் கேக்கல போல" என்று சொல்லிவிட்டு அவரே வைத்துவிட்டார்.

டீச்சரிடம் படித்தவர்கள் சேர்ந்து ஒரு நினைவு மலர் போடுகிறோம், நீங்களும் எழுதுங்கள் என்று கேட்டீர்கள். உங்களுக்கு அவர் உத்தமபாளையம் பள்ளியில் பிளஸ் டூவுக்கு இயற்பியல் எடுத்தவர். நான் அவரிடம் படித்தவன் இல்லை. தேனியில் தரை போடுகிற வேலையும் அதற்கான கடையும் வைத்திருப்பவன். பதினோரு வருடம் நாங்கள் இருவரும் சேர்ந்து இந்தப் பக்கத்து வீடுகளில் ஹோம் தியேட்டர் அறைகளுக்குத் தரை போட்டோம். என்ன தரை என்று அவர் சொல்வார். நான் போடுவேன். அவரைப் புகழ்ந்து எழுத உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். நான் எழுதுவது வேறு. அவரிடம் சொல்லியிருக்க வேண்டிய ஒன்றை உங்களிடம் சொல்லப்போகிறேன்.

முதல் தடவை கடைக்கு வந்தபோது அவர் கேட்டது கார்ப்பெட். என் கடையில் அதுவரை யாரும் வீட்டுக்குக் கார்ப்பெட் கேட்டதில்லை. பளபளவென்று முகம் தெரிகிற டைல்ஸ்தான் எல்லாருக்கும் வேண்டும். "தேனித் தூசிக்கு அது சரிப்படாது டீச்சர். ஒரு மாசத்துல மண்ணா போயிரும்" என்றேன். "நாளைக்கு வீட்டுக்கு வா. ஒண்ணு காட்டறேன்" என்றார்.

மறுநாள் போனேன். கூடத்தில் வெள்ளை டைல்ஸ். சாமுவேல் அண்ணனை ஒரு நாற்காலியில் சுவரைப் பார்க்க உட்காரவைத்து, பின்னால் நின்று அன்றைய செய்தித்தாளிலிருந்து ஒரு பத்தியைப் படித்தார் டீச்சர். அண்ணன் காதில் கருவி மாட்டியிருந்தார். கேட்டதை அவர் திருப்பிச் சொல்ல வேண்டும். பாதிகூட வரவில்லை. "மழை" என்பதை "விலை" என்றார். பிறகு வீட்டில் இருந்த மெத்தை, ஜமுக்காளம், போர்வை எல்லாவற்றையும் இழுத்து வந்து நானும் டீச்சரும் தரை முழுக்க விரித்தோம். அதே குரலில், அதே தூரத்தில் நின்று வேறொரு பத்தியைப் படித்தார். அண்ணன் ஏறக்குறைய எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, சுவரைப் பார்த்தபடியே, "எஸ்தரு, இன்னொண்ணு படி" என்றார்.

"சத்தம் எல்லா வீட்டுலயும் இருக்கு வேலு. பேச்சு விளங்கணும்" என்றார் டீச்சர். வழவழப்பான தரையில் பட்ட சத்தம் மேலே போய்க் கூரையில் மோதித் திரும்பக் கீழே வரும், ஒரு சொல் முடிவதற்குள் அதன் வால் அடுத்த சொல்லின் மேல் விழும், நல்ல காது அதைப் பிரித்துக்கொள்ளும், கெட்ட காதால் முடியாது என்று விளக்கினார். இருபது வருடம் தரை போட்டவன் நான். தரைக்கும் காதுக்கும் சம்பந்தம் உண்டு என்று அன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்தக் கூடத்துக்குக் கார்ப்பெட் போட்டோம். அண்ணன் படம் பார்க்கிறார், வசனத்துக்குச் சிரிக்கிறார் என்று வாய்வழியாகப் பரவியது. போடியில், கம்பத்தில், சின்னமனூரில் புது வீடு கட்டுகிறவர்கள் தேடி வந்தார்கள். வாரத்தில் ஐந்து நாள் பள்ளிக்கூடம், சனி ஞாயிறு என்றால் ஆலயம் போக மிச்ச நேரம் என்னோடு என்று டீச்சர் அலைந்தார். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் கேட்பது ஒன்றுதான். "இந்த ரூம்ல யாரு உக்காருவாக?" திரை எவ்வளவு பெரிது, ஸ்பீக்கர் எத்தனை என்பதையெல்லாம் அப்புறம்தான் கேட்பார். வயதானவர்கள் என்றால் தடுக்காத, வழுக்காத விரிப்பு. கைக்குழந்தை உள்ள வீடு என்றால் கழுவ முடிகிற மாதிரி. கீழே யாராவது படுக்கிற அறை இருந்தால், அதிர்வு இறங்காமலிருக்க அடியில் ரப்பர்.

அவர் எல்லாவற்றிலும் சரியாக இருந்தார் என்று எழுதினால் அவரே திருத்துவார். சின்னமனூரில் ஓர் அரிசி ஆலைக்காரர் வீட்டில் தரைக்கும் தடிமனான கார்ப்பெட், சுவருக்கும் தடித் துணி என்று போட்டுவிட்டோம். படம் போட்ட பத்து நிமிடத்தில் அந்த மனிதர் வெளியே வந்து, "மூச்சு முட்டுது டீச்சர். கெணத்துக்குள்ள உக்காந்த மாதிரி இருக்கு" என்றார். டீச்சர் உள்ளே போய் நின்று படத்தின் சத்தத்தைக் கேட்டார். கார்ப்பெட் குடிப்பது கூர்மையான சத்தத்தைத்தான், கனத்த சத்தம் அப்படியே தங்கிவிடும் என்பதை அளவில் தவறவிட்டிருந்தார். "தப்பு என்னோடதுண்ணே. இவரத் திட்டாதீக" என்று என்னைக் காட்டிச் சொன்னார். திரைக்கும் இருக்கைக்கும் நடுவே மட்டும் கார்ப்பெட்டை விட்டு, பின்பக்கத்தை எடுத்து மரத்தரை போட்டோம். சரியாக வந்தது. டீச்சர் கோபக்காரர்தான். அளவு தப்பினால் ஆட்கள் முன்னாலேயே என்னை ஏசுவார். ஆனால் தன் தப்பை அடுத்தவர் தலையில் வைத்ததில்லை.

அந்தச் சின்னமனூர் அறை இன்று இல்லை. ஏசி ஒழுகி மரம் உப்பியது என்று டைல்ஸ் போட்டுவிட்டார்கள். போடியில் ஏலக்காய் வியாபாரி வீட்டு அறையில் விருந்தாளி குழம்பைக் கொட்டிவிட்டார் என்று கார்ப்பெட்டைக் கிழித்துப் போட்டார்கள். உத்தமபாளையத்து அறை மருமகளுக்குப் படுக்கையறையாகிவிட்டது. ஆனி ஆடிச் சாரலில் வாடை வருகிறது என்று இன்னொரு வீட்டில் எடுத்துவிட்டார்கள். இப்படி ஒவ்வொன்றாகப் போயிற்று. டீச்சர் சொல்லி நான் போட்ட தரைகளில், போட்டபடி இருப்பது அவர் வீட்டுக் கூடம் ஒன்றுதான். மற்றதில் பாதியைப் பெயர்த்து மேலே டைல்ஸ் ஒட்டியவனும் நான்தான். கூப்பிட்டார்கள், போனேன். டீச்சருக்குத் தெரியும். "நீ போகாட்டி வேற ஆளு போவான்" என்பார். அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கமாட்டார்.

இரண்டு வருடத்துக்கு முன் அவருக்குச் சிறுநீரகம் கெட்டது. வாரம் இரண்டு நாள் ரத்தச் சுத்திகரிப்பு. ஒருநாள் காலை பார்க்கப் போயிருந்தேன். அந்த வார்டில் தரை, சுவர் எல்லாம் டைல்ஸ். இயந்திரங்களின் கூவல், தட்டு விழுகிற சத்தம். நர்ஸ் ஏதோ பெயரைச் சொல்லிக் கூப்பிட, மூன்று பேர் தலையைத் தூக்கினார்கள். "பாத்தியா, அவுகவுக பேரே அவுகவுகளுக்கு விளங்கல" என்றார் டீச்சர். சிரிக்கத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த நிலையில் எடுத்துக்கொண்ட கடைசி வேலைதான் கம்பத்து வேலை. பாண்டி என்று ஒரு திராட்சை விவசாயி. அண்ணன் தம்பி சேர்ந்து ஒரே வீடாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பாண்டியின் மகள் தர்ஷினிக்கு ஒன்பது வயது. பிறவியிலேயே காது கேட்காத பிள்ளை. நான்கு வயதில் அறுவை செய்து ஒரு காதில் கருவி வைத்திருந்தார்கள்; அதில் வெளியே மாட்டுகிற பாகத்தைக் கழற்றி மாட்டலாம். பேசும், பள்ளிக்கும் போகும். தியேட்டருக்கு மட்டும் வராது. அங்கே இரைச்சல் தாங்காமல் அழுதுவிடும். அந்தப் பிள்ளைக்காகத்தான் மாடியில் ஒரு தியேட்டர் அறை வேண்டும் என்றார் பாண்டி.

டீச்சர் பிள்ளையோடு ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். "வீட்டுல டிவி பாக்கறப்ப விளங்கலன்னா என்ன செய்வே?" என்று கேட்டார்.

"அம்மாட்ட, என்ன சொன்னாகன்னு கேப்பேன்."

"அம்மா என்ன சொல்லுவாக?"

"ஒண்ணுமில்லம்பாக."

திரும்பி வரும்போது டீச்சர் அதையே சொல்லிக்கொண்டு வந்தார். "ஒண்ணுமில்லங்கற அந்த ஒரு வார்த்தை மட்டும் அந்தப் புள்ளைக்குத் தெளிவா விளங்கியிருக்கு, வேலு."

மறு வாரம் தரையைப் படமாக வரைந்து கொடுத்தார். கான்கிரீட் மேல் தடித்த ரப்பர் விரிப்பு. கீழே பாண்டியின் அம்மா அப்பா படுக்கிற அறை இருந்தது. ரப்பரின் மேல் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு அடுக்கு பிளைவுட். அதிர்வு சுவர் வழியாக இறங்காமலிருக்க அது எந்தச் சுவரையும் தொடக்கூடாது, சுற்றிலும் ஒரு விரல் இடைவெளி. அதன்மேல் சத்தத்தைக் குடிக்கிற கம்பளி அட்டை. கடைசியாகச் சதுரம் சதுரமான கார்ப்பெட் துண்டுகள். சாரல் காலத்தில் ஒவ்வொன்றாகக் கழற்றி வெயிலில் காயவைக்கலாம், எதையாவது கொட்டினால் அந்தத் துண்டை மட்டும் கழுவலாம். மற்ற வீடுகளில் பட்ட அடி எல்லாம் அந்தப் படத்தில் இருந்தது. கார்ப்பெட்டின் நிறத்தை மட்டும் பிள்ளையே தேர்ந்தெடுத்தது. கத்தரிப்பூ நிறம்.

வேலை தொடங்குகிற நேரத்தில் டீச்சருக்குக் கிருமித்தொற்று வந்து மதுரையில் சேர்த்தார்கள். மூன்று வாரம் படுக்கை. அந்த மூன்று வாரத்துக்குள் பாண்டியின் அண்ணன் வந்து, அறையில் நான் இறக்கி வைத்திருந்த சாமான்களைப் பார்த்தார். வீட்டில் அவர் சொல்லே சொல்.

"என்னப்பா இது, பலகையும் ரப்பரும்? புதுமனைக்கு நாலு ஊரு சனம் வரும். ரூமு கடைக்குச் சாமான் எறக்குன மாதிரி கெடந்தா நல்லாவா இருக்கு? கீழ என்ன போட்டியோ அதையே மேலயும் போடு. பளிச்சுன்னு இருக்கணும்."

"டீச்சர் வந்துரட்டும்ணே. இது புள்ளைக்காக" என்றேன்.

"புள்ளைக்கு வேணும்னா பெறகு ஒரு விரிப்ப வாங்கி விரிச்சுக்கலாம். அந்தம்மாவ எதுக்கு ஆஸ்பத்திரில தொந்தரவு பண்றே?"

பாண்டி அங்கேயே நின்றார். ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை. நோயாளியைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். அந்த வீடு முழுக்கத் தரை வேலை என் கையில் இருந்தது. அந்த மனிதரைப் பகைத்துக்கொள்ள எனக்குத் தைரியமில்லை. மதுரைக்கு ஒரு போன் போட்டிருந்தால், டீச்சர் படுக்கையிலிருந்தே அவரிடம் பேசியிருப்பார். நான் போடவில்லை. நான்கே நாளில் டைல்ஸ் ஒட்டி முடித்தேன். குனிந்தால் முகம் தெரிகிற டைல்ஸ்.

புதுமனை முடிந்து ஒரு வாரம் கழித்து டீச்சர் வந்தார். ஆள் பாதியாகியிருந்தார். அறையைப் பார்க்கவேண்டும் என்றார். வழி முழுக்கச் சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. மாடியேறி வாசலில் நின்று தரையைப் பார்த்தார். உள்ளே போய் தர்ஷினிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பாண்டி படத்தைப் போட்டார். சிறுவர் படம். பெரிய திரை, நல்ல ஸ்பீக்கர்கள். பிள்ளை கண் சிமிட்டாமல் பார்த்தது. ஐந்து நிமிடம் இருக்கும். எல்லாரும் சிரித்தார்கள். பிள்ளை அம்மா பக்கம் திரும்பி, "என்ன சொன்னாக?" என்றது. "ஒண்ணுமில்லத்தா, பாரு" என்றார் அம்மா. இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு காதிலிருந்து கருவியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, படத்தைத் தொடர்ந்து பார்த்தது. யாரும் சொல்லிச் செய்யவில்லை. வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றுவதுபோல அவ்வளவு இயல்பாகச் செய்தது.

திரும்பி வரும்போது, உத்தமபாளையம் தாண்டியதும் டீச்சர் கேட்டார்.

"யாரக் கேட்டுப் போட்ட?"

"பெரியவுக சொன்னாக டீச்சர்."

"அந்த ரூம்ல உக்காரப் போறது பெரியவுகளா?"

அவர் ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். "ஒரு மாசத்துல மாத்திரு வேலு" என்று மட்டும் சொன்னார். கெஞ்சுகிற குரல். பதினோரு வருடத்தில் அந்தக் குரலை நான் கேட்டதில்லை.

மாற்றவில்லை. பாண்டியிடம் பேசினேன். அறுப்பு முடியட்டும் என்றார். அறுப்பு முடிந்தது. "அண்ணன்ட்ட நான் எப்படிச் சொல்ல, நீங்களே சொல்லுங்க" என்றார். அவரிடம் போனேன். "ஒட்டி ரெண்டு மாசம் ஆகல, அதுக்குள்ள இடிக்கணுமா?" என்று முறைத்தார். அதோடு விட்டுவிட்டேன். வேறு வேலைகள் வந்தன. டீச்சர் வீட்டுப் பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டேன்.

இறப்பதற்கு ஆறு நாள் முன்பு சாமுவேல் அண்ணன் ஆளிடம் சொல்லி அனுப்பினார். போனேன். டீச்சர் கூடத்தில் கட்டிலில் இருந்தார். சுத்திகரிப்பு இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். முகம் ஊதியிருந்தது. என்னைப் பார்த்ததும் கேட்டார்.

"கம்பத்து ரூம மாத்திட்டியா?"

"மாத்திட்டேன் டீச்சர்."

எப்படி வந்தது அந்தச் சொல் என்று எனக்குத் தெரியாது. வந்துவிட்டது. "என்ன போட்ட?" என்றார்.

சொன்னேன். அடியில் ரப்பர் என்றேன். எத்தனை தடிமன் என்று கேட்டார். அவர் எழுதியிருந்த அளவைச் சொன்னேன். அதன்மேல் பிளைவுட் இரண்டு அடுக்கு, குறுக்கும் நெடுக்கும். ஒவ்வொரு சாணுக்கும் ஒரு திருகாணி. "கிறீச்சுன்னு சத்தம் வருதா?" "வரல டீச்சர், நடந்து பாத்துட்டேன்." கம்பளி அட்டை. அதன்மேல் கார்ப்பெட் சதுரங்கள்.

"ஓரத்துல இடைவெளி விட்டியா?"

"விட்டேன். ஒரு விரக்கட."

"கலரு?"

"கத்தரிப்பூ. அவ கேட்டதுதான்."

கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "புள்ள என்ன சொல்லுச்சு?" என்றார்.

தரையைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் என்னால் பொய் சொல்ல முடிந்தது. அது என் தொழில். அந்தப் பிள்ளையின் வாயில் ஒரு சொல்லை வைக்க என்னால் முடியவில்லை. டீச்சர் கண் திறக்கவில்லை. "சரி வேலு" என்றார். நம்பினாரா, என்னைப் புரிந்துகொண்டாரா, எனக்குத் தெரியாது. இனி எந்நாளும் தெரியப்போவதுமில்லை.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் கம்பத்துக்குப் போனேன். என் செலவிலேயே, என் ஆட்களை வைத்தே மாற்றித் தருகிறேன் என்றேன். பாண்டி என்னை வாசலிலேயே நிறுத்திப் பேசினார்.

"விடுங்கண்ணே. அவ இப்ப மாடிக்கே போறதில்ல. கருவியவே பாதி நாளு மாட்டுறதில்ல. கேட்டா, ஒண்ணுமில்லங்கறா."

மாடியிலிருந்து கிரிக்கெட் சத்தம் இரைந்தது. பாண்டியின் அண்ணனும் சிநேகிதர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கீழ் அறையில் பாண்டியின் அப்பா தலையணையால் காதைப் பொத்திக்கொண்டு படுத்திருந்தது சன்னல் வழியாகத் தெரிந்தது. தர்ஷினி கூடத்தில் உட்கார்ந்து எதையோ வரைந்துகொண்டிருந்தது. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பவில்லை.

சாமுவேல் அண்ணனை வாரம் ஒருமுறை பார்க்கிறேன். கார்ப்பெட் போட்ட கூடத்தில் டிவி ஓடாமல் உட்கார்ந்திருக்கிறார். காதில் கருவி இல்லை. அவரிடம் ஏன் மாட்டவில்லை என்று கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை.

டீச்சரிடமிருந்து உங்களுக்குப் பாடம் கிடைத்தது, சிலருக்கு வாழ்க்கையே கிடைத்தது. எனக்கு அவர் விட்டுப்போனது ஒரு தரை. அடியில் ரப்பர், மேலே இரண்டு அடுக்குப் பலகை, சுற்றிலும் ஒரு விரல் இடைவெளி, கம்பளி அட்டை, கத்தரிப்பூ நிறத்தில் சதுரங்கள். ஒவ்வோர் அடுக்கையும் அவர் கேட்டுச் சரிபார்த்தார். ஒரு குறையும் சொல்லவில்லை. என் வாழ்நாளில் நான் போட்ட நல்ல தரை அதுதான். அது எந்த வீட்டிலும் இல்லை.